சின்ன ஹால்ல ஒரு சீனியர் ராக் ஆர்ட்டிஸ்டை நேர்ல பாக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐம்பது வருஷத்துக்கு மேல மேடையில நிக்கற ஒரு ராக் ஆர்ட்டிஸ்ட், முந்நூறு பேர் மட்டும் கொள்ற ஒரு ரூம்ல வாசிக்கறாருன்னா அதை ஸ்டேடியம் ஷோவோட குட்டி வெர்ஷன்னு நெனச்சுட்டு போகாதீங்க. ஸ்டேடியத்துல நாம பாக்கறது பெரும்பாலும் ஸ்கிரீனைத்தான், கேக்கறது நூறடி தள்ளி தொங்கற ஸ்பீக்கரை. சின்ன ரூம்ல அவரு மூச்சு வாங்கறது கேக்கும், ஸ்ட்ரிங் மேல விரல் உரசறது கேக்கும், ஒரு நோட் எட்டலன்னா அதுவும் பளிச்சுனு தெரியும். அதனால 1975 ரெக்கார்டை அப்படியே கேக்கப் போறேன்னு கிளம்பினா பாதி ராத்திரி ஏமாற்றம்தான். இந்த வயசுல, இந்த கையை வச்சுக்கிட்டு, இந்த ஆளு இன்னிக்கு என்ன பண்றாருன்னு பாக்கப் போனா டிக்கெட் காசு ரெண்டு மடங்கா திரும்பி வரும். கீழ இருக்கற ஸ்டெப் எல்லாமே அதுக்காகத்தான்.

ஸ்டெப் 1: ஆளை செக் பண்ணுங்க, பேரை மட்டும் பாக்காதீங்க

போஸ்டர்ல பழைய பேண்ட் பேரு பெருசா இருக்கும், ஆனா மேடையில இருக்கறது ஒரிஜினல் ஆளுங்கள்ல ஒருத்தரா, இல்ல பேரோட உரிமையை மட்டும் வச்சிருக்கற வேற ஆளுங்களான்னு முதல்ல பாத்துக்கோங்க. யார் யாரு வாசிக்கறாங்கன்னு லைன்-அப் முழுசா போடாத விளம்பரத்தை பாத்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துரும்.

அப்புறம் இந்த டூர்லயே, முடிஞ்சா கடைசி ரெண்டு மூணு மாசத்துல, யாராவது போன்ல எடுத்த வீடியோ கிடைக்குதான்னு தேடுங்க. அஃபிஷியல் கிளிப் வேண்டாம், அதுல எடிட்டிங், மிக்ஸிங்னு நிறைய கை பட்டிருக்கும். போன் வீடியோல சவுண்டு கொடூரமா இருந்தாலும் குரல் எந்த கண்டிஷன்ல இருக்கு, நின்னுட்டு வாசிக்கறாரா உக்காந்தா, பாட்டுக்கு நடுவுல பேசறாரா இல்லையான்னு தெரிஞ்சுரும். செட்லிஸ்ட்.எஃப்எம்ல போய் முந்தின பத்து ஷோவோட பாட்டு லிஸ்டை பாருங்க. தினமும் அதே பாட்டு அதே வரிசைன்னா அது டைட்டா ரிஹர்சல் பண்ணின ஷோ, தினமும் நாலஞ்சு பாட்டு மாறுதுன்னா அன்னிக்கு மூடுக்கு ஏத்த மாதிரி வாசிக்கற ஆளு. ரெண்டாவது டைப் ஆளை சின்ன ரூம்ல பாக்கற வாய்ப்பு வந்தா யோசிக்கவே வேண்டாம். லிஸ்டை பாத்தா சர்ப்ரைஸ் போயிடும்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்க நியாயமும் புரியுது, அப்படிப்பட்டவங்க எத்தனை பாட்டு மாறுதுன்னு மட்டும் எண்ணிட்டு பேஜை மூடிருங்க.

உக்காந்து வாசிக்கறாருன்னு தெரிஞ்சா உடனே முகம் சுளிக்காதீங்க. ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங் கடைசி காலத்துல நாற்காலியில உக்காந்துதான் முழு ஷோவும் பண்ணினாரு. கிங் கிரிம்சன் பேண்டோட கிட்டாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப் இளம் வயசுலேருந்தே ஸ்டூல்ல உக்காந்துதான் வாசிக்கறாரு. ஆள் உக்காந்தா கை ஒரே இடத்துல இருக்கும், பாக்கற நமக்கு அது இன்னும் வசதி.

ஸ்டெப் 2: டிக்கெட்

சின்ன ரூம்னாலே டிக்கெட் கம்மி, டிமாண்ட் ஜாஸ்தி. இதுல நெறைய பேர் தவற விடற விஷயம் என்னன்னா, ஆர்ட்டிஸ்டோட மெயில் லிஸ்ட்ல மட்டும் பதிஞ்சுட்டு காத்துட்டு இருப்பாங்க, அந்த ஹாலுக்கே தனியா ஒரு மெயில் லிஸ்ட் இருக்கும், மெம்பர்ஷிப் இருக்கும், அவங்களுக்கு பொது விற்பனைக்கு ஒரு நாள் முன்னாடியே லிங்க் போயிடும். ரெண்டுலயும் பதிஞ்சு வைங்க. அக்கவுண்ட், கார்டு விவரம் எல்லாத்தையும் முன்னாடியே சேவ் பண்ணிருங்க, விற்பனை ஆரம்பிச்சப்புறம் பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு முழிக்கற நேரத்துல எல்லாம் போயிடும்.

சில சமயம் அறிவிப்பே கடைசி நிமிஷத்துலதான் வரும். 2025 பிப்ரவரியில பால் மெக்கார்ட்னி நியூயார்க் பவரி பால்ரூம்ல வாசிச்சாரு, அறுநூறு பேர்கூட கொள்ளாத இடம். முதல் ஷோவை அன்னிக்கேதான் அறிவிச்சாங்க, டிக்கெட் நேர்ல கவுன்ட்டர்ல மட்டும்தான், கொஞ்ச நேரத்துல காலி. 1977 மார்ச்ல ரோலிங் ஸ்டோன்ஸ் டொரன்டோ எல் மொகாம்போ கிளப்ல ரெண்டு நாள் வாசிச்சப்போ அதுவும் கிடையாது, தி காக்ரோச்சஸ்னு பொய்ப் பேரு, மெயின் பேண்ட் ஏப்ரல் வைன்னு போட்டிருந்தாங்க. இந்த மாதிரி விஷயத்துக்கு பிளான் எல்லாம் பண்ண முடியாது, ஆனா பெரிய டூர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியோ புது ஆல்பம் வர்ற வாரத்துலயோ சின்ன கிளப்களோட பக்கங்களை பாத்துட்டே இருக்கலாம்.

சோல்ட் அவுட்னு போட்டாச்சா, மனசை விட்டுடாதீங்க. பேண்டோட கெஸ்ட்டுக்கும், ஸ்டேஜ் அமைப்புக்கும், மிக்ஸிங் டெஸ்க் (சவுண்டை பேலன்ஸ் பண்ற மேஜை) எங்க வைக்கறதுன்னு முடிவாகாததாலயும் கொஞ்சம் சீட்டை பிடிச்சு வச்சிருப்பாங்க. மேடை செட் ஆனப்புறம் மிச்சம் இருக்கறதை ஷோவுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி, சில நேரம் அன்னிக்கு மதியம், சத்தமில்லாம விடுவாங்க. ஹாலுக்கு நேரா போன் பண்ணி கேளுங்க, ரீசேல் சைட்ல மூணு மடங்கு குடுக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை ட்ரை பண்ணுங்க. ரீசேல்னா வாங்கின விலைக்கே விக்கறதுக்கு ஹால் அனுமதிச்ச சைட் இருக்கான்னு பாருங்க, சோஷியல் மீடியால ஸ்கிரீன்ஷாட் அனுப்பி விக்கறவங்க பக்கமே போகாதீங்க.

ஒரு சங்கடமான விஷயமும் சொல்லிடறேன். எழுபது எண்பது வயசு ஆளு, ஷோ தள்ளிப்போகும், கேன்சல் ஆகும், அது சகஜம். தேதி மாறினா பணம் திரும்ப கேக்கலாமா, எத்தனை நாளுக்குள்ள கேக்கணும்னு டிக்கெட்ல படிச்சுக்கோங்க. வெளியூர் போறதா இருந்தா தங்கற ரூமும் பயணமும் கேன்சல் பண்ற மாதிரி புக் பண்ணுங்க. அதே காரணத்துக்காகவே, அடுத்த டூர்ல பாத்துக்கலாம்னு தள்ளிப்போடவும் வேண்டாம். கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக் 2022ல டூர்ல இருந்தாரு, 2023 ஜனவரியில போயிட்டாரு.

ஸ்டெப் 3: ரூமை பத்தி தெரிஞ்சுக்கோங்க

மூணு டைப் இருக்கு. எல்லாரும் நிக்கற கிளப், சீட் நம்பர் போட்ட சின்ன தியேட்டர், டேபிள் போட்டு சாப்பாட்டோட நடத்தற இடம். டேபிள் இடத்துல தெரியாதவங்களோட பகிர்ந்து உக்கார வேண்டி வரலாம், ஆளுக்கு இவ்வளவு ஆர்டர் பண்ணியே ஆகணும்னு ரூல் இருக்கலாம், சீட் வர்ற வரிசைப்படின்னும் இருக்கலாம். இதெல்லாம் டிக்கெட் பேஜ்ல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

சில இடங்கள்ல ஒரே ராத்திரி ரெண்டு ஷோ, நடுவுல ரூமை காலி பண்ணிருவாங்க. எதுக்கு போறது? குரலை நம்பி பாடற ஆளுன்னா முதல் ஷோ, குரல் ஃப்ரெஷ்ஷா இருக்கும். கிட்டார் ஆளுன்னா ரெண்டாவது ஷோ, கை சூடாகி இருக்கும், சோலோவும் (தனியா வாசிச்சு காட்டற பகுதி) நீளும். இது என் கணக்குதான், எல்லா நாளும் ஒத்துவராது.

தூண் இருக்கான்னு பாருங்க. பழைய பேஸ்மென்ட் கிளப் நிறையதுல நட்ட நடுவுல ஒரு தூண் நிக்கும். ஹால் பேரோட ரசிகர்கள் எடுத்த போட்டோவை தேடினா எந்த மூலையிலிருந்து என்ன தெரியுதுன்னு புரிஞ்சுடும்.

ஸ்டெப் 4: போறதுக்கு முன்னாடி கேளுங்க

ஹிட்ஸ் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம், அதை விடுங்க. கடைசியா வந்த ஆல்பத்தை ரெண்டு தடவை கேளுங்க, ஏன்னா ஷோல மூணு நாலு பாட்டாவது அதுலேருந்துதான் வரும், எல்லாரும் பாத்ரூம் போற அந்த நேரத்துலதான் ஆர்ட்டிஸ்ட் ரொம்ப உயிரோட்டமா இருப்பாரு, அவருக்கு இன்னும் சலிக்காத பாட்டு அதுதானே. கூட வாசிக்கறவங்க யாருன்னும் பாத்து வைங்க, சீனியர் ஆளுங்க பின்னாடி நிக்கற டிரம்மரும் பேஸிஸ்ட்டும் பல நேரம் தனியாவே டிக்கெட் வாங்கி பாக்கற அளவுக்கு ஆளுங்க.

ஸ்டெப் 5: அன்னிக்கு

டோர் டைம் வேற, ஷோ டைம் வேற. நிக்கற ரூம்னா டோர் தொறக்கும்போதே போங்க, நம்பர் போட்ட சீட்னா அவசரமே இல்ல. ஓப்பனிங் ஆக்ட் (அவருக்கு முன்னாடி வாசிக்கற வேற ஆளு) இருக்கான்னு பாத்துக்கோங்க, தனியா ஒருத்தரே முழு ராத்திரியும் பண்ற ஷோல போட்ட டைமுக்கு கரெக்டா ஆரம்பிச்சுருவாங்க, லேட்டா போனா முதல் பாட்டு காலி. வயசான ஆர்ட்டிஸ்ட் நிறைய பேர் இப்பல்லாம் நேரத்துக்கு வந்து நேரத்துக்கு முடிச்சு தூங்கப் போயிடறாங்க, பழைய ராக் கதைகளை நம்பி ரெண்டு மணி நேரம் லேட்டா போகாதீங்க.

காதுக்கு பிளக் கண்டிப்பா. சின்ன ரூம், தள்ளி நிக்க இடம் கிடையாது. 85 டெசிபல்னா எட்டு மணி நேரம் வரைக்கும் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும்னு அமெரிக்காவோட நயோஷ்ங்கற வேலையிட பாதுகாப்பு ஆய்வு அமைப்பு கணக்கு வச்சிருக்கு, அப்போ 100 டெசிபல்ல பதினஞ்சு நிமிஷம்தான். ராக் ஷோல 100 சாதாரணமா வரும். தி ஹூ பேண்டோட பீட் டவுன்ஷெண்ட் காது போனது, காதுல நிக்காத இரைச்சல் வந்தது எல்லாம் அவரே வெளிப்படையா பேசின விஷயம். ஃபோம் பிளக் போட்டா மேல் சவுண்டெல்லாம் மழுங்கி பக்கத்து ரூம்ல நடக்கற ஷோ மாதிரி ஆயிடும், மியூசிஷியன்ஸ் போடற ஃபில்டர் வச்ச பிளக் வாங்குங்க, சத்தம் மட்டும் குறையும், சவுண்டு கெடாது. சொல்லப்போனா பாட்டோட வரி அதுலதான் இன்னும் தெளிவா கேக்கும்.

மத்தது எல்லாம் சட்டுனு: சின்ன பை, நின்னுக்க வசதியான ஷூ, போன்ல சார்ஜ். பாப் டிலன் மாதிரி சிலர் ஷோல வாசல்லயே போனை ஒரு பைல போட்டு லாக் பண்ணி உங்க கையிலயே குடுத்துருவாங்க, ஷோ முடிஞ்சுதான் தொறக்க முடியும், அதனால கூட வர்றவங்களோட எங்க சந்திக்கறதுன்னு முன்னாடியே பேசி வைங்க.

ஸ்டெப் 6: எங்க நிக்கறது

இதுதான் முக்கியமான இடம், ஆனா யாரும் யோசிக்கறதே இல்ல, எல்லாரும் முதல் வரிசைக்கு ஓடறாங்க.

முதல் வரிசையில நின்னா என்ன ஆகும்னா, குரல் வர்ற பெரிய ஸ்பீக்கர் ரெண்டும் உங்களுக்கு ரெண்டு பக்கமும், பல நேரம் உங்க தலைக்கு மேலயும் இருக்கும். உங்க மூஞ்சிக்கு நேரா இருக்கறது கிட்டார் ஆம்ப்பும் (கிட்டார் சத்தத்தை பெருசாக்கற பெட்டி) டிரம்ஸும்தான். கிட்டார் ஆம்ப்ல வர்ற கூர்மையான மேல் சவுண்டு டார்ச் லைட் மாதிரி நேர்கோட்டுல அடிக்கும், அந்த கோட்டுல நின்னா காதை கிழிக்கும், நாலடி பக்கவாட்டுல தள்ளினா இதமா இருக்கும். ஆக முதல் வரிசையில கிட்டார் முழுசா கேக்கும், பாட்டு வரி பாதிதான் கேக்கும். மேடை விளிம்புல சின்னதா ஸ்பீக்கர் வரிசையா வச்சிருந்தா பரவால்ல, இல்லன்னா யோசிங்க.

சவுண்டுக்கு பெஸ்ட் இடம் மிக்ஸிங் டெஸ்க்குக்கு ரெண்டு மூணடி முன்னாடி. சவுண்டு இன்ஜினியர் அவரு காதுக்கு என்ன வருதோ அதை வச்சுதான் பேலன்ஸ் பண்றாரு, அதனால அவரு கேக்கறதுதான் அந்த ராத்திரியோட உண்மையான மிக்ஸ். பின் சுவத்தை ஒட்டியும் மூலையிலயும் நிக்காதீங்க, அங்க பேஸ் குவிஞ்சு திம்முனு ஆயிடும். பால்கனிக்கு அடியில மேல் சவுண்டு அடங்கிடும்.

ஆனா நான் சொல்றது, சின்ன ரூம்ல கொஞ்சம் சவுண்டை விட்டுக்குடுத்தாவது கையை பாக்கற இடத்துல நில்லுங்க. வலது கை பழக்கம் உள்ள கிட்டாரிஸ்ட்னா கிட்டார் கழுத்து நமக்கு வலது பக்கம் நீளும், நாம அவருக்கு நேரா நிக்காம கொஞ்சம் வலது பக்கமா நின்னா மைக் ஸ்டாண்டும் மறைக்காது, பிக் (ஸ்ட்ரிங்கை தட்டற சின்ன வில்லை) பிடிச்ச கையை அவரு முன்கையும் மறைக்காது. பியானோ ஆளுன்னா இடது பக்கம் உக்காருங்க, பியானோவை பெரும்பாலும் கீஸ் நமக்கு இடது பக்கம் வர்ற மாதிரிதான் போடுவாங்க. வலது பக்கம் உக்காந்தா மூஞ்சி தெரியும், விரல் ஒண்ணுகூட தெரியாது. மூணாவது நாலாவது வரிசை, நடுவுலேருந்து கொஞ்சம் தள்ளி. எனக்கு இதுக்கு மேல ஒரு இடம் வேண்டாம்.

ஸ்டெப் 7: என்ன பாக்கறது, என்ன கேக்கறது

முதல் ரெண்டு பாட்டுக்கு எந்த முடிவுக்கும் வராதீங்க. வயசான குரல் சூடாக நேரம் எடுக்கும், சவுண்டு ஆளும் காலியான ரூம்ல செட் பண்ணின மிக்ஸை ஆட்கள் நிறைஞ்சப்புறம் மறுபடி சரி பண்ணிட்டு இருப்பாரு, ஏன்னா மனுஷ உடம்பு சவுண்டை உறிஞ்சும்.

பாட்டு ரெக்கார்டைவிட கீழ் சுதியில வரும். அரை நோட், ஒரு நோட், சில நேரம் அதுக்கும் கீழ. கிட்டாரை மொத்தமா இறக்கி ட்யூன் பண்ணியிருந்தா ஸ்ட்ரிங் கொஞ்சம் தளர்ந்து சவுண்டு தடிமனா இருக்கும், பழைய பாட்டுக்கே புது கனம் வந்த மாதிரி. உச்சத்துல போற வரியை எப்படி சமாளிக்கறாருன்னு கவனிங்க. சிலர் பின்னாடி கூட பாடறவங்ககிட்ட குடுத்துருவாங்க, சிலர் மைக்கை ஆடியன்ஸ் பக்கம் திருப்புவாங்க, கெட்டிக்காரங்க மெட்டையே மாத்தி அந்த வரியை கீழ கொண்டுவந்து பேசற மாதிரி சொல்லிட்டு போவாங்க. எனக்கு பிடிச்சது அந்த கடைசி ஆளுங்கதான். 'தி பேண்ட்'ங்கற குரூப்போட டிரம்மரும் பாடகருமான லெவான் ஹெல்முக்கு தொண்டையில கேன்சர் வந்து குரலே போச்சு, 2004 வாக்குல உட்ஸ்டாக்ல தன்னோட வீட்டு கொட்டகையிலயே ஆட்களை கூப்பிட்டு ஷோ நடத்த ஆரம்பிச்சாரு, மருத்துவ செலவுக்கும் அதுதான் கை குடுத்துச்சு, குரல் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்தது அந்த கொட்டகையிலதான். பழைய வழவழப்பு போயி, கீறல் விழுந்த குரல்தான், ஆனா அதுல ஒவ்வொரு வார்த்தைக்கும் எடை இருந்துச்சு.

கைக்கு வருவோம். ஜெஃப் பெக் லண்டன் ரோனி ஸ்காட்ஸ்ல 2007ல வாசிச்ச வீடியோ இருக்கு, சுமார் இருநூத்தம்பது பேர் கொள்ற ஜாஸ் கிளப், போறதுக்கு முன்னாடி அதை பாத்தீங்கன்னா கண்ணு பழகிடும். பிக் கிடையாது, கட்டைவிரல்தான் ஸ்ட்ரிங்கை தட்டுது, அதே நேரம் சுண்டுவிரல் வால்யூம் நாபை சுத்துது, ட்ரெமலோ பாரும் (சுதியை ஏத்தி இறக்கற கம்பி) அதே கையிலதான், ஒரு நோட்டை சத்தமில்லாம தட்டிட்டு அப்புறம் வால்யூமை ஏத்தும்போது கிட்டார் சத்தம் போய் மனுஷன் பாடற மாதிரி வருது. இது எதுவும் ஸ்டேடியத்துல கண்ணுக்கு தெரியாது. நீங்க போற ஷோலயும் நாபை பாருங்க. பழைய ஆளுங்க பெடலை மிதிக்கறதைவிட நாபைத்தான் ஜாஸ்தி தொடுவாங்க, வால்வ் ஆம்ப்ல கிட்டார் வால்யூமை குறைச்சா சத்தம் மட்டும் குறையாது, டிஸ்டார்ஷனும் (அந்த கரகரப்பு) தெளிஞ்சு சுத்தமாயிடும், அதனால பாடற இடத்துல ஒரு சுத்து இறக்கி, சோலோவுக்கு ஒரு சுத்து ஏத்தி, காலை அசைக்காமலே முழு பாட்டையும் ஓட்டிருவாங்க.

விரல் வேகம் குறைஞ்சிருக்கும், அதை குறையா எண்ணாதீங்க. எலெக்ட்ரிக் கிட்டார் முன்னோடி லெஸ் பால் தொண்ணூறு வயசு தாண்டியும் நியூயார்க் இரிடியம் கிளப்ல திங்கக்கிழமை தவறாம வாசிச்சாரு, மூட்டுவாதத்துல விரல் பாதி மடங்காது, மிச்ச விரலுக்கு ஏத்த மாதிரி வாசிப்பையே மாத்திக்கிட்டாரு. பத்து நோட் வாசிச்ச இடத்துல மூணு நோட் வாசிக்கற ஆளு எந்த மூணுன்னு எப்படி தேர்ந்தெடுக்கறாருன்னு கேளுங்க.

அப்பப்போ டிரம்மரையும் பாருங்க. சின்ன ரூம்ல சத்தத்தோட அளவை முடிவு பண்றது அவருதான், டிரம்ஸை நாபை திருகி குறைக்க முடியாது. குச்சிக்கு பதிலா பிரஷ் எடுத்தாருன்னா அடுத்து அமைதியான பாட்டு வருதுன்னு அர்த்தம். லீடர் தலையை லேசா ஆட்டறது, கிட்டார் கழுத்தை தூக்கி இறக்கறது எல்லாம் சிக்னல், பாட்டு முடியப்போகுதா இன்னொரு சுத்து போகுதான்னு பேண்டுக்கு சொல்றாரு. ரெண்டு மூணு பாட்டுல உங்களுக்கும் பிடிபட்டுரும், அப்புறம் பேண்டுக்குள்ளயே உக்காந்த மாதிரி இருக்கும்.

ஸ்டெப் 8: மேடையிலிருந்து நீங்களும் தெரியறீங்க

ரெண்டாயிரம் பேர் ஹால்ல நீங்க இருட்டு. இங்க உங்க மூஞ்சி அவருக்கு தெரியும், நீங்க பேசறது அவருக்கு கேக்கும். அமைதியான பாட்டுல பேசவே பேசாதீங்க. நாஷ்வில் ப்ளூபேர்ட் கஃபேல சுமார் தொண்ணூறு சீட்தான், பேசினா உஷ்னு அடக்கிருவாங்க, அந்த ரூல் எல்லா ரூமுக்கும் வரணும்னு எனக்கு ஆசை. பாட்டு நடுவுல ஹிட் பேரை கத்தறது வேண்டாம், அது எப்படியும் கடைசியில வரும். அவரே என்ன வாசிக்கட்டும்னு கேட்டா அப்போ அதிகம் பேருக்கு தெரியாத பாட்டு ஒண்ணை கேளுங்க, கண்ணு விரியறதை பாக்கலாம். போன்ல ஒரு பாட்டுக்கு ரெண்டு போட்டோ போதும், ஃபிளாஷ் கூடவே கூடாது. கூட பாடறது கோரஸ்ல (திரும்ப திரும்ப வர்ற பல்லவி) மட்டும், வெர்ஸ்ல (சரணம்) உங்க குரலை கேக்க பக்கத்துல இருக்கறவரு காசு குடுக்கல.

ஸ்டெப் 9: முடிஞ்சப்புறம்

லைட் போட்டதும் ஓடாதீங்க. மைக்குக்கு கீழ டேப் போட்டு ஒட்டின செட்லிஸ்ட் பேப்பர் இருக்கும், மேடையில ஏறி எடுக்கக்கூடாது, சாமான் எடுத்து வைக்கற ஆளுகிட்ட மரியாதையா கேட்டா பல நேரம் குடுத்துருவாங்க. மெர்ச் டேபிள்ல (டி-ஷர்ட், ரெக்கார்டு விக்கற இடம்) கையெழுத்து போடறாரான்னு ஷோவுக்கு முன்னாடியே விசாரிச்சிருங்க. கையெழுத்து போடறாருன்னா ஒரே ஒரு பொருள் கொண்டுபோங்க, பத்து ரெக்கார்டை தூக்கிட்டு போனா விக்கறதுக்குன்னு நெனப்பாங்க. கை குலுக்க நீங்களா நீட்டாதீங்க, ரெண்டு மணி நேரம் வாசிச்ச வயசான கை, அழுத்தி பிடிச்சா வலிக்கும். வாழ்க்கையையே மாத்தினீங்கன்னு சொல்றதைவிட இன்னிக்கு வாசிச்சதுல ஒரு பாட்டு பேரை சொல்லி, அந்த சோலோ பிரமாதம்னு சொல்லுங்க, வரிசையில அவரு நிமிர்ந்து பாக்கறது அந்த ஆளைத்தான்.

பின்வாசல்ல காத்து நிக்கறதா இருந்தா வண்டிக்கு வழி விட்டு நில்லுங்க, அவரு நேரா ஏறிப் போயிட்டா விட்டுருங்க. மறுநாள் காலையிலயும் காதுல ரீங்காரம் அடங்கலன்னா தள்ளிப்போடாம காது டாக்டரை பாருங்க, அடுத்த ஷோவுக்கு பிளக்கை ஞாபகமா எடுத்து வைங்க.